வீட்டு வயரிங்கும் பாட்டுச் சத்தமும்

கீழே மளிகைக் கடையும் மாடியில் வீடுமாக வைத்திருக்கும் நமது உறுப்பினர் ஒருவர், சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். மகன் ஆசைப்பட்டான் என்று நல்ல ஆம்ப்ளிபயர் ஒன்றும், ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கி வீட்டு ஹாலில் வைத்திருக்கிறார். பாட்டு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியில் "உம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கிறது. அவ்வப்போது கரகரவென்று வேறொரு சத்தமும் சேர்ந்துகொள்கிறது. விற்ற கடைக்காரரிடம் முறையிட்டபோது, "பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் வீட்டு வயரிங்தான் சரியில்லை. சுத்தமான கரண்ட் வந்தால்தான் சுத்தமான சத்தம் வரும். அதற்கென்றே தனி பவர் கேபிள் இருக்கிறது, 12,000 ரூபாய்" என்று பதில் வந்ததாம். வாங்கலாமா, வேண்டாமா என்பது அவருடைய கேள்வி.

ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. விற்றவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று பிரித்துப் பார்ப்பது நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு மிகவும் அவசியம். ஏனெனில் அந்தச் சரியான பாதிக்குள் பாட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

கரண்ட் எப்படிப் பாட்டாகிறது?

நமக்குச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில், நொடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறி மாறி ஓடுகிறது. இது நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் முதலில் அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. அடுத்து, நான்கு டயோடுகள் கொண்ட ரெக்டிபயர் அதை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றுகிறது. அப்போதும் அது சமமாக இருப்பதில்லை, நொடிக்கு 100 மேடு பள்ளங்களுடன் இருக்கிறது. இவற்றை நிரவுவதற்காகப் பெரிய கெபாசிட்டர்கள் வைத்திருக்கிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், மொட்டைமாடித் தொட்டி நிறைந்திருந்தால் சமையலறைக் குழாயில் ஒரே சீராகக் கொட்டுகிறது அல்லவா? கெபாசிட்டரின் வேலையும் அதுதான். பாட்டு இந்தத் தொட்டியிலிருந்து எடுக்கப்படுகிறதே தவிர, சுவரிலிருந்து எடுக்கப்படுவதில்லை. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற எஸ்.எம்.பி.எஸ். என்ற சாதனம் இருக்கிறது. முறை வேறானாலும் நோக்கம் ஒன்றே.

ஆகவே சுவர் வயர் செய்ய வேண்டியது தொட்டியை நிரப்புவது மட்டும்தான். அதற்குச் சாதாரண வயர் போதுமா என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு என்றால் வியாபாரி பயப்பட மாட்டான்!

மீட்டர் போர்டிலிருந்து ஹால் பிளக் பாயிண்ட் வரை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 20, வர 20, ஆக 40 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மின்தடை சுமார் 12 ஓம். 40 மீட்டருக்கு அரை ஓம் அளவில் வரும். வீட்டில் வைக்கும் ஆம்ப்ளிபயர் நன்றாகச் சத்தம் வைத்தாலும் சராசரியாக ஓர் ஆம்பியருக்கு மேல் இழுப்பது அபூர்வம். ஒரு ஆம்பியருக்கு அரை வோல்ட் இறங்கும். அதாவது 230 என்பது 229.5 ஆகும். இதையே 4 சதுர மில்லிமீட்டர் வயராக மாற்றினால் இறக்கம் 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். மிச்சம் பிடித்தது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் நம் தெருவில் வோல்டேஜ் பத்து, இருபது என்று இறங்குவதும் பின்னிரவில் ஏறுவதும் நாம் தினமும் பார்ப்பதுதான். அந்தப் பெரிய ஏற்ற இறக்கத்தையே சமாளித்துப் பாடும் பெட்டிக்கு இந்தக் கால் வோல்ட், அரை வோல்ட் தெரியவே தெரியாது.

இனி, அந்த 12,000 ரூபாய் கேபிள். அதன் நீளம் 2 மீட்டர். மின்சாரமோ நெய்வேலியிலோ மேட்டூரிலோ உற்பத்தியாகி, எஃகு நடுவே வைத்துச் சுற்றிய அலுமினியக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, பல டிரான்ஸ்பார்மர்களைக் கடந்து, தெருக்கம்பத்தில் இறங்கி, நம் வீட்டுப் பழைய வயரில் 20 மீட்டர் வந்து சேர்கிறது. குல்பர்காவிலிருந்து லாரியில் கோணிச் சாக்கில் வந்த துவரம் பருப்பை, கடை வாசலிலிருந்து கல்லாப்பெட்டி வரை மட்டும் வெள்ளிக் கூடையில் தூக்கி வந்தால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுமா?

இந்த ஆசை நம் ஊரோடு நிற்பதில்லை. ஜப்பானில் சில இசைப் பிரியர்கள், அக்கம்பக்கத்து வீடுகளின் மோட்டார் இரைச்சல் கலக்காமல் இருக்க வேண்டும் என்று, தம் வீட்டுக்கென்றே தனி மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் பெருஞ்செலவில் நிறுத்திக்கொண்டதாக 2016இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை எழுதியது. வசதி உள்ளவர்கள் செய்கிறார்கள், நமக்கு அதில் வருத்தம் இல்லை.

"எனக்கு வித்தியாசம் தெரிகிறதே" என்று சொல்பவரை நாம் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால் பெருங்காயம் கொள்முதல் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? டப்பாவின் லேபிளைப் பார்க்காமல் மோந்து பார்க்கிறோம். விலை தெரிந்துவிட்டால் மூக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். காதும் அப்படித்தான். ஒருவர் பாட்டு கேட்க, இன்னொருவர் திரைக்குப் பின்னால் இருந்து சாதாரண கேபிளையும் விலை கூடிய கேபிளையும் மாற்றி மாற்றிச் சொருக வேண்டும். எப்போது எது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. பத்து முறை கேட்டு, எது என்று எழுத வேண்டும். வெறும் குருட்டு யோசனையில் எழுதினாலே ஐந்து சரியாக வரும். பத்தும் குருட்டு யோசனையில் சரியாக வருவதற்கு 1,024இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. விற்பவர் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்டால் பிறகு பணத்தை எடுக்கலாம்.

ஒரு வயர் விஷயத்தில் மட்டும் கனம் உண்மையிலேயே முக்கியம். அது ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர். அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரை 15 மீட்டர் இழுத்தால், போக வர 30 மீட்டருக்கு 1.2 ஓம் அளவு தடை. ஸ்பீக்கரின் தடையே 8 ஓம்தான். எட்டில் ஒரு பங்கு சக்தி வயரிலேயே சூடாகக் கரைகிறது. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் நஷ்டம் இன்னும் கூடும். இதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் நஷ்டம் நூற்றுக்கு மூன்றாகக் குறையும். இதற்குப் பளபளப்பான வயர் எதுவும் தேவையில்லை. எலக்ட்ரிக் கடையில் மீட்டர் கணக்கில் அளந்து தரும் வயரே போதும். கோயில் விழாவுக்கு மைக்செட் போடுகிறவர்களுக்கு இது தெரியும்.

அப்படியானால் "உம்ம்ம்" எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் விற்றவர் சொன்னதில் உண்மையான பாதி வருகிறது. வயரின் கனமோ விலையோ சத்தத்தைக் கெடுப்பதில்லை. வயரிங் செய்த முறை கெடுக்கும். முக்கியமாக எர்த்.

கம்ப்யூட்டர், டி.வி. போன்றவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள், இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கெபாசிட்டர்கள் கரண்ட் வயரிலிருந்து எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் கொஞ்சம் மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உலோக உடம்பிலேயே சுமார் 115 வோல்ட் தேங்கி நிற்கும். பில் போடும் கம்ப்யூட்டரைத் தொட்டால் "சுருக்" என்கிறதே, டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறதே, அது இதுதான். கசிவு சிறியதாகையால் உயிருக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் பாட்டு வயர் சொருகினால், பூமிக்குப் போக வழி கிடைக்காத கசிவு, பாட்டு வயரின் மேல்வலை வழியாக ஆம்ப்ளிபயருக்குள் ஓடும். பாட்டோடு 50 சுற்று இரைச்சலும் சேர்ந்து பெருகி ஸ்பீக்கரில் வரும்.

எர்த் இரண்டு இடத்தில் இருந்தாலும் தொல்லைதான். டி.வி. ஒரு பிளக்கில், ஆம்ப்ளிபயர் அடுத்த அறைப் பிளக்கில், இரண்டையும் இணைக்கும் ஆடியோ வயர் நடுவில் என்றால், இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் அந்த வயரின் மேல்வலையில் கரண்ட்டை ஓட வைக்கும். கேபிள் டி.வி. வயர் நாலு வீட்டு மாடி தாண்டி வருவதால் அது வேறொரு இடத்து எர்த்தைக் கூடவே இழுத்து வருகிறது. இதற்கு வைத்தியம் எளிது. பாட்டு சம்பந்தப்பட்ட எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருக வேண்டும். கேபிள் டி.வி. வயரின் நடுவே ஐசொலேட்டர் என்ற சிறு உறுப்பைப் பொருத்தலாம்.

சில வயர்மேன்கள் இதற்குக் குறுக்கு வழி ஒன்று சொல்வார்கள். ஆம்ப்ளிபயர் பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுவது அது. இரைச்சல் உடனே நின்றுவிடும், கேட்டவருக்கும் சந்தோஷம். ஆனால் உள்ளே என்றாவது பேஸ் வயர் பெட்டி உடம்பைத் தொட்டால், பீஸ் போகாது, பெட்டி முழுதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். இன்னொரு வழி அதைவிட மோசம். எர்த் இல்லாத பிளக்கில் எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். வழியில் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், ஆம்ப்ளிபயர் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறிவிடும். இந்த இரண்டையும் செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அறியச் சில சோதனைகளைக் காசு செலவில்லாமல் நாமே செய்யலாம். ஆம்ப்ளிபயரில் ஸ்பீக்கர் வயரைத் தவிர மற்ற பாட்டு வயர்களையெல்லாம் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் வெளியே. நிற்காமல், வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே அளவில் இருந்தால், குற்றம் பெட்டிக்குள் உள்ள கெபாசிட்டரில் இருக்க வாய்ப்பு அதிகம். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். கரகரப்புக்கு வேறு சோதனை. பேட்டரியில் ஓடும் பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்றை, நிலையம் எதுவும் வராத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு, வீட்டிலும் கடையிலும் ஸ்விட்ச் போர்டு ஸ்விட்ச் போர்டாக நடந்து வாருங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, எலக்ட்ரானிக் சோக், ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் கொடுக்கும். தளர்ந்த இணைப்பு இருக்கும் இடத்தில் ரேடியோ வெடுவெடு என்று பொரியும். நாங்கள் பார்த்தவரை இதைவிட மலிவான வயரிங் சோதனைக் கருவி கிடையாது.

உறுப்பினர் வீட்டில் கண்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். பாட்டு வயர்களைக் கழற்றியதும் "உம்ம்ம்" நின்றது. டி.வி.யின் வயரைத் திரும்பச் சொருகியதும் வந்தது. டி.வி.யிலிருந்து கேபிள் வயரைப் பிடுங்கியதும் மறுபடி நின்றது. பத்து நிமிட வேலை. உறுப்பினருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கரகர மட்டும் போகவில்லை. அது எப்போதெல்லாம் வருகிறது என்று உட்கார்ந்து கவனித்தோம். கீழே கடையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் வந்தது. மோட்டார் கிளம்பும் நேரத்தில் "டப்" என்று ஒரு சத்தம் வருவது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டு அம்மா சொன்ன ஒரு வார்த்தை வயர்மேனை எழுந்து நிற்க வைத்தது. "அந்த நேரத்தில் பூஜை அறையில் இருக்கும் குண்டு பல்பு பளிச்சென்று எரியும்" என்றார்.

ஃப்ரீசர் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்க வேண்டும். பளிச்சென்று எரியக் கூடாது. வயர்மேன் ஒன்றும் பேசாமல் கீழே ஓடி மெயினை இறக்கினார்.

காரணம் இது. அந்தக் கட்டிடத்துக்கு வருவது மூன்று பேஸ் இணைப்பு. கடை விளக்குகள் ஒரு பேஸில், ஃப்ரீசர் இன்னொன்றில், மாடி வீடு மூன்றாவதில். மூன்றுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் வழி நியூட்ரல் ஒன்றுதான். அது உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு பேஸுக்கும் 230 வோல்ட். அது தளர்ந்தால், ஒரு பேஸில் பெரிய பளு ஏறும்போது மற்ற பேஸில் வோல்டேஜ் உயரும். முழுதாக விட்டுப்போனால், இரண்டு பேஸ்களுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டை இரண்டு பளுக்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். குறைவான பளு உள்ள பக்கம் வோல்டேஜின் பெரும்பங்கு போய்ச் சேரும். நாலு விளக்கும் டி.வி.யும் மட்டும் ஓடும் மாடி வீட்டுக்கு அது 300க்கு மேல் போனாலும் ஆச்சரியமில்லை. டி.வி., ஆம்ப்ளிபயர், மோடம் எல்லாம் ஒரே நேரத்தில் புகைந்துவிடும்.

மெயின் போர்டைத் திறந்து பார்த்தபோது நியூட்ரல் லிங்க்கின் ஸ்க்ரூ விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பழைய அலுமினிய வயரையும் புதிய செம்பு வயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, அந்த ஒரே ஓட்டையில் நுழைத்திருந்தார்கள். டேப் உருகிக் கரியாகியிருந்தது. பின்னால் இருந்த பலகை ஒரு கையளவுக்குக் கருகியிருந்தது. அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கினால், நாளடைவில் இணைப்பில் பாசி போல் ஆக்சைடு படிந்து தடை ஏறும், தடை ஏறினால் சூடு, சூடானால் தளர்வு, தளர்ந்தால் பொறி. அந்தப் பொறிதான் மாடியில் இருந்த ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டிருக்கிறது.

போர்டுக்கு நேர் கீழே என்ன இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். காலிக் கோணிச் சாக்குக் கட்டு, அதன்மேல் கற்பூரப் பெட்டிகள், பக்கத்தில் தீப்பெட்டி பண்டல்கள். மாடிக்குப் போகும் படிக்கட்டும் அந்தப் பக்கம்தான். இடவசதி இல்லாத நம் கடைகளில் மீட்டர் போர்டுக்குக் கீழே உள்ள மூலை சரக்கு அடுக்கத் தோதாக இருப்பது நமக்கும் தெரியும். நம்மில் எத்தனை பேர் கடையில் இப்போதும் அப்படி இருக்கிறது என்பதை அவரவர் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எர்த்தைத் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. எல்லாப் பிளக்குகளிலிருந்தும் பச்சை வயர் ஒழுங்காக மெயின் போர்டு வரை வந்து, அங்கே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எர்த் குழியைச் சில வருடங்களுக்கு முன் கடைக்கு டைல்ஸ் போட்டபோது மூடிவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. அலுமினிய வயர் எடுக்கப்பட்டு, மெயின் வரை ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு வயர் போடப்பட்டது. வயர் முனைகளில் லக் அழுத்திப் பொருத்தி, ஒரு ஓட்டைக்கு ஒரு வயர் என்று முடுக்கினார்கள். கட்டிடத்தின் பின்பக்கம் ஐ.எஸ். 3043 விதிப்படி 2.5 மீட்டர் நீளமுள்ள 40 மில்லிமீட்டர் கால்வனைஸ்டு குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்துப் புது எர்த் குழி அமைத்தார்கள். கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தார்கள். கசிவு அந்த அளவைத் தாண்டினால் அது கண் இமைக்கும் நேரத்தில் கரண்ட்டை வெட்டிவிடும். எம்.சி.பி. இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும்; ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும். ஃப்ரீசருக்கு மெயினிலிருந்து தனி லைன் இழுத்தாயிற்று. அதிகாரிகள் சீல் வைத்த மீட்டர் பக்கத்தில் மட்டும் நாம் கை வைக்கவில்லை. அந்தப் பகுதியில் சந்தேகம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதே முறை.

எல்லாச் செலவும் சேர்ந்து அந்தக் கேபிள் விலையைவிடச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. கேபிள் வாங்கவில்லை. கோணிச் சாக்கும் கற்பூரமும் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டன. கோடைக்காலத்தில் வாரம் ஒருமுறை எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் வேலை கடைப் பையனுடையது.

சென்ற வாரம் போனபோது பாட்டு போட்டுக் காட்டினார். கரகரப்பு இல்லை, "உம்ம்ம்" இல்லை. ஃபேனை மூன்றாம் நம்பரில் வைத்தால் மட்டும் மெல்லிய "ஸ்ஸ்" ஒன்று கேட்கிறது. அது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் செய்யும் வேலை. ரெகுலேட்டரை மாற்றலாம் என்றோம். "பாட்டு கேட்கும்போது ஐந்தில் வைத்துவிடுகிறேன், காற்றும் நன்றாக வருகிறது" என்றார்.